அடியைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், ஜப்பானில் அரிதா என்ற ஊரில் வாங்கிய ஒரு நீலத் தட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கணவருடைய வேலையால் ஜப்பானின் தெற்கே, க்யூஷு தீவின் சாகா மாவட்டத்தில் பதினோரு வருடம் குடியிருந்தேன். அதில் ஆறு வருடம் ஒரு பழம்பொருள் கடையில் பகல் நேர வேலை. கடையை நடத்தியவர் எழுபத்தைந்து வயதுப் பாட்டி. எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. இந்த மாதம் முழுக்கப் பீங்கான் கேள்விகள்தான்.

தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த டீ செட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கோப்பை முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே அடியில் ஒரு பெண்ணின் முகம் தெரிகிறது. வெளியே அடியில் 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று இருக்கிறது. இருநூறு வருடப் பழசு என்று அப்பா சொல்வார். உண்மையா?
— வாசகி, காரைக்குடி

இல்லை அம்மா. ஆனால் வயதைச் சரியாகச் சொல்ல முடிகிற பொருள் உங்களிடம் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம். போரில் தோற்ற ஜப்பானை நேச நாடுகள் 1945 முதல் 1952 வரை தங்கள் பிடியில் வைத்திருந்தன. ஏற்றுமதிச் சரக்கில் அந்த வாசகம் வந்தது அந்தக் காலத்தில்தான். ஆக, உங்கள் கோப்பைக்கு எழுபத்தைந்து வயது இருக்கும்.

இதையே சின்னக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. அதிலிருந்து 1921 வரை அந்தச் சந்தைக்குப் போனவற்றில் 'நிப்பான்' என்று எழுதினார்கள். அதன்பின் 'ஜப்பான்' என்று ஆங்கிலப் பெயரையே கேட்டார்கள். அடியில் ஆங்கில எழுத்தில் நாட்டின் பெயர் இருந்தாலே அது இருநூறு வருடப் பொருளாக இருக்க வழியில்லை.

அந்தப் பெண் முகம், பீங்கானின் கனத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்சம் ஊடுருவும்படி செய்த வேலை. ஏற்றுமதிக்கென்றே ஏராளமாகச் செய்தார்கள். விற்றால் பெரிய பணம் வராது. ஆனால் தோற்று, எரிந்து கிடந்த ஒரு நாட்டில் யாரோ உட்கார்ந்து அந்த முகத்தை அச்செடுத்திருக்கிறார்கள். அலமாரியில் பூட்டி வைக்காமல் வருடத்துக்கு ஒரு நாளாவது அதில் டீ குடியுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. உங்கள் ஊர்ப் பக்கத்து நகரத்தார் வீடுகளின் சுவரில் பூப்போட்ட வண்ண டைல்கள் இருக்கும். அவற்றில் ஒரு பகுதி ஜப்பானில் செய்தவை. சுவரிலிருந்து கழன்ற டைல் கிடைத்தால் பின்பக்கம் பாருங்கள், செய்த இடத்தின் முத்திரை அங்கேதான் இருக்கும்.

நீலப் பூ வரைந்த ஒரு பழைய தட்டு வாங்கினேன். பின்னால் ஆறு எழுத்துகள். 'மகத்தான மிங், செங்குவா காலத்தில் செய்தது' என்று தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார். விற்றவர், 15-ஆம் நூற்றாண்டுச் சீனத் தட்டு என்கிறார். நண்பர், சுத்தப் போலி என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், சென்னை

இரண்டு பேரையும் நம்பாமல் தட்டைத் திருப்புங்கள். எழுத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றி இருக்கும் பரப்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மிளகு அளவில் சொரசொரப்பாக மூன்றோ நாலோ ஐந்தோ புள்ளி தட்டுப்படுகிறதா?

தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் அரிதாவில் செய்தது. அந்த ஊர்ப் பீங்கான் மண், சூளையின் உச்சச் சூட்டில் கொஞ்சம் இளகும். பெரிய தட்டின் நடுப்பகுதி தொங்கிவிடாமல் இருக்க, கூம்பு மாதிரி சின்னச் சின்ன மண் முட்டுகளை அடியில் கொடுத்துச் சுடுவார்கள். வெந்தபின் அந்த முட்டுகளைத் தட்டி எடுத்துவிட்டாலும் தழும்பு நிற்கும். சீனத் தட்டுகளில் இதைப் பார்ப்பது அரிது.

சரி, ஜப்பான்காரர் ஏன் சீன அரசர் பெயரை எழுதினார்? ஏமாற்ற இல்லை. பீங்கான் என்றாலே சீனா என்று இருந்த காலம் அது. செங்குவா காலத்துப் பீங்கானுக்கு இருந்த பெயரை மரியாதையாக, ஒரு அலங்காரமாகவே எழுதினார்கள். அரிதாவில் 17, 18-ஆம் நூற்றாண்டு முழுக்க இது வழக்கம். சீனாவிலும் பின்னால் வந்தவர்கள் இதே எழுத்தை எழுதியிருக்கிறார்கள். எனவே அந்த ஆறு எழுத்தால் எதுவும் நிரூபணமாகாது.

கடைப் பாட்டி எனக்கு முதல் வாரம் கொடுத்த வேலையே இதுதான். இருபது தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முகத்தைப் பார்க்காமல் எது எந்த ஊர் என்று சொல்" என்பார். அடிவளையம் எவ்வளவு உயரம், அதன் விளிம்பில் மண் என்ன நிறம், மணல் ஒட்டியிருக்கிறதா, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு எங்கே நிற்கிறது, இவை நாலும்தான் பாடம். ஓவியத்தைப் பார்த்து வரையலாம். அடியைச் சூளைதான் எழுதுகிறது.

ஜப்பானியப் பீங்கானைத் தொடங்கி வைத்தவர்கள் போரில் பிடித்துவரப்பட்ட கொரியர்கள் என்று படித்தேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றனவா?
— வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஜப்பானை ஆண்ட டொயோடோமி ஹிதெயோஷி 1592-லும் 1597-லும் கொரியா மீது படையெடுத்தார். 1598-ல் அவர் இறந்ததும் படைகள் திரும்பின. திரும்பிய பிரபுக்கள் தங்கள் கப்பல்களில் குயவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தேநீர்ச் சடங்கில் அந்தப் பிரபுக்களுக்கு அவ்வளவு மோகம், கொரியக் கிண்ணத்துக்கு அவ்வளவு மதிப்பு. ஜப்பானில் மண்பாண்டம் பல்லாயிரம் வருடப் பழசு. ஆனால் வெள்ளைப் பீங்கான் அதுவரை அங்கே செய்யப்படவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் யி சாம்-பியாங். ஜப்பானில் அவருக்குக் கானகாயெ சான்பெய் என்று பெயர். அரிதாவின் கிழக்கே இசுமியாமா மலையில் பீங்கானுக்கு ஏற்ற கல்லை அவர் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. 1616 என்று ஆண்டு சொல்வார்கள். 1655-ல் இறந்தார். அவர் வழிவந்த கானகாயெ குடும்பம் இன்றும் அரிதாவில் பானை செய்கிறது. அந்த மலையைப் போய்ப் பார்த்தேன். மலை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. முந்நூறு வருடம் வெட்டி வெட்டி, நடுவே பெரிய பள்ளம். ஊர் முழுவதும், ஐரோப்பிய அரண்மனை அலமாரிகள் முழுவதும் போய்ச் சேர்ந்த மலை அது.

அரிதாவில் தோசான் கோயில் இருக்கிறது. ரயில் தண்டவாளம் கோயில் படிக்கட்டுக்குக் குறுக்கே ஓடுகிறது, இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்துதான் மேலே போக வேண்டும். வாசல் வளைவே பீங்கானில் செய்தது. அதற்கும் மேலே, ஊரைப் பார்த்தபடி, 1917-ல் நிறுத்திய யி சாம்-பியாங் நினைவுத் தூண். பிடித்துவரப்பட்ட மனிதரை ஊர் தன் குலமுதல்வராகக் கும்பிடுகிறது. அங்கே நின்றபோது எனக்குச் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்தே வந்தன.

அதே ஊரில் ஹோவோன்ஜி என்ற கோயிலில் இன்னொரு நினைவுக்கல். ஹ்யாகுபாசென் என்ற பெண்ணுக்கு, 1705-ல் அவருடைய கொள்ளுப்பேரன் வைத்தது. கணவரோடு கொரியாவிலிருந்து வந்து பக்கத்துத் தாகெயோவில் சூளை வைத்திருந்தார். 1618-ல் கணவர் இறந்தபின், தொள்ளாயிரம் பேர் கொண்ட தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அரிதாவுக்கு வந்து தொழிலை நடத்தினார். 1656-ல், 96-ஆவது வயதில் இறந்தார். ஹ்யாகுபாசென் என்றால் 'நூறு வயதுப் பாட்டி' என்பது போல ஒரு மரியாதைச் சொல். அப்பா அம்மா வைத்த பெயர் அந்தக் கல்லில் இல்லை. தொள்ளாயிரம் பேரைக் கட்டி மேய்த்தவர்!

இவர்கள் வளர்த்த தொழிலில் பணம் வர ஆரம்பித்ததும் காடு அழிந்தது, விறகு போதவில்லை. 1637-ல் அந்தப் பகுதியை ஆண்ட நபேஷிமா பிரபு ஜப்பானியக் குயவர்கள் 826 பேரை வெளியேற்றி, சூளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். தொழில், தெரிந்த கைகளிலேயே இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. அப்புறம் பிரபுவின் சொந்தச் சூளை, அரிதாவுக்கு வடக்கே ஓகாவாச்சியாமா என்ற மலை இடுக்குக் கிராமத்தில் நடந்தது. ஷோகுனுக்கு, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு, காணிக்கை கொடுப்பதற்கென்றே அங்கே தட்டு செய்தார்கள். குறையுள்ளதை உடைத்துப் புதைத்தார்கள். ரகசியம் வெளியே போகாமல் இருக்க ஊர் வாசலில் காவல் சாவடி. நபேஷிமா தட்டைத் திருப்பினால் உயரமான அடிவளையம், அதைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி நீலக் கோடுகள். அந்தக் கோடுகளின் ஒழுங்கைப் பார்த்தால் வரைந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்தது தெரியும்.

அந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில், உரிமை கோர யாருமில்லாத குயவர்களின் கல்லறைக் கற்களையெல்லாம் சேர்த்துக் கூம்பாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கற்கள். பாசி படிந்து எழுத்தே தெரியாது. ஏல அட்டவணையில் நபேஷிமா என்ற பிரபுவின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூம்புதான் நினைவுக்கு வரும்.

தெற்கே சத்சுமாவில் நடந்தது வேறு மாதிரி. அந்தப் பகுதிப் பிரபு ஷிமாசு யோஷிஹிரோ கொண்டுவந்த குயவர்களை நாயெஷிரோகாவா என்ற கிராமத்தில் குடியமர்த்தினார்கள். இன்று அதற்கு மியாமா என்று பெயர். கொரியப் பெயரையும் உடையையும் விடக்கூடாது என்று பிரபுவின் ஆணையே இருந்தது. அந்த ஊர்ச் சிம் குடும்பம் சின் ஜூகான் என்ற பெயரை இன்றும் சுமக்கிறது. 12-ஆம் சின் ஜூகான் செய்தவை 1873-ல் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போயின.

முதல் தலைமுறை செய்த கிண்ணங்களில் ஒரு வகைக்கு 'ஹிபகாரி' என்று பெயர். 'நெருப்பு மட்டும்' என்று பொருள். மண்ணும் கிளேஸும் கொரியாவிலிருந்து வந்தவை, கையும் கொரியக் கை, சூளையின் நெருப்பு மட்டும் ஜப்பானுடையது. நானூறு வருடம் கழித்து, 1998-ல், கொரியாவின் நாம்வோன் ஊரிலிருந்து நெருப்பைக் கப்பலில் ஏற்றி மியாமாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த முறை மண் ஜப்பானுடையது, நெருப்பு கொரியாவுடையது. இதை எனக்குச் சொன்ன பாட்டி, சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

'15-ஆம் காகியெமோன்', '16-ஆம் ராகு கிச்சிசாயெமோன்' என்றெல்லாம் குயவர்களைச் சொல்கிறார்களே, ஒரே பெயரை எப்படி நானூறு வருடம் வைத்துக்கொள்கிறார்கள்? அப்பா, பிள்ளை, பேரன் என்று நேராகவா வருகிறது?
— வாசகி, மதுரை

பெயர் நேராக வருகிறது. ரத்தம் அப்படி வருவதில்லை.

கியோத்தோவின் ராகு குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வர் சோஜிரோ, 1589-ல் இறந்தவர். தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் மனதுக்கு ஏற்றபடி கறுப்பு, சிவப்புக் கிண்ணங்களைச் செய்தார். இரண்டாமவர் ஜோகெய், சோஜிரோவின் மகன் இல்லை. கூடவே வேலை செய்த தனாகா சோகெய் என்பவரின் மகன். ஐந்தாமவர் தத்து வந்தவர். ஆறாமவரும் தத்து, வீட்டு மருமகன். தொழிலுக்கு ஆள் வேண்டும், அதற்கு ஏற்ற கை வேண்டும். பிள்ளை இல்லையென்றால், இருந்தும் ஒத்துவரவில்லையென்றால், தத்தெடுப்பார்கள். மருமகன் மாமனார் பெயரை ஏற்பது அங்கே சாதாரணம்.

ராகு வீட்டுத் தலைவராக வேலை செய்கிறவரைக்கும் எல்லாத் தலைமுறையினருக்கும் கிச்சிசாயெமோன் என்றே பெயர். ஓய்வு பெற்றதும் 'ன்யூ' என்று முடிகிற தனிப்பெயர் வரும். 15-ஆமவர் 2019-ல் பெயரை மகனிடம் கொடுத்துவிட்டு ஜிகிந்யூ ஆனார். அந்த வீட்டில் சக்கரம் கிடையாது. கையால் பிடித்து எழுப்பி, கத்தியால் செதுக்குவார்கள். கறுப்புக் கிண்ணத்தை ஒவ்வொன்றாகச் சின்னச் சூளையில் சுட்டு, தணலாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுப்பார்கள். அந்த இடுக்கித் தடம் பல கிண்ணங்களின் பக்கத்தில் தெரியும். கறுப்புக்கு வேண்டிய கல், காமோ ஆற்றுக் கல். மண்ணைப் பேரன், கொள்ளுப்பேரன் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்றைக்கே சேமித்து வைப்பார்கள். ஆனால் கிளேஸ் கலவையை அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. மண்ணைக் கொடுத்துவிட்டு வித்தையைத் தேட விட்டுவிடுகிறார்கள். முதலில் இது எனக்குக் கல்நெஞ்சாகத் தோன்றியது. ஒவ்வொரு தலைமுறைக் கறுப்பும் வேறு வேறாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் காரணம் பிடிபட்டது.

காகியெமோன் வேறு ரகம். அது அரிதாவில் ஒரு பட்டறை. ஒருவர் சக்கரத்தில் எழுப்புவார், ஒருவர் கோடு இழுப்பார், ஒருவர் வண்ணம் நிரப்புவார். தலைவர் வரைந்து, தேர்ந்து, நடத்துவார். முதல் காகியெமோன் 1640-களில் கிளேஸுக்கு மேல் சிவப்பு வண்ணம் பிடிக்கச் செய்தவர் என்று புகழ் பெற்றவர். பழுத்த காகிப் பழத்தைப் பார்த்து அந்தச் சிவப்பைக் கண்டார் என்ற கதையை ஜப்பானில் எல்லாரும் சொல்வார்கள். பிற்காலத்தில் பிறந்த கதை அது. நாகசாகியில் ஒரு சீனரிடம் பணம் கொடுத்துக் கற்ற முறையை, பலமுறை தோற்று, கடைசியில் வெற்றி கண்டார்கள் என்று பழைய ஏடு சொல்கிறது. எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும்.

அந்த வீட்டின் உண்மையான பெருமை 'நிகோஷிதே' என்ற வெள்ளை. அரிசி கழுவின தண்ணீரின் நிறம் என்பார்கள். நமக்குச் சொன்னால் உடனே புரியும், கழனித்தண்ணீர் வெள்ளை! நீலச் சாயலே இல்லாத அந்த மண் கலவை 18-ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போனது. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு 12-ஆமவரும் அவர் மகன் 13-ஆமவரும் முட்டி மோதி 1953-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இருநூறு வருடம் அந்த வீட்டில் பெயர் இருந்தது, வித்தை இல்லை.

பெண்கள் பெயர் ஏற்றதுண்டா என்று இன்னும் சில வாசகிகள் கேட்டிருந்தார்கள். அரிது. ஹாகி ஊரில் கொரிய வழிக் குடும்பமான சாகா வீட்டில், 13-ஆம் கோரைசாயெமோனாக 2011-ல் பொறுப்பேற்றவர் ஒரு பெண். 2014-ல் காலமாகிவிட்டார்.

கறுப்புத் தேநீர்க் கிண்ணம் ஒன்று வாங்கினேன். மரப்பெட்டியோடு வந்தது. மூடியில் மையால் எழுத்து, சிவப்பு முத்திரை. பெட்டி இருந்தால் அசல்தானே?
— வாசகர், பெங்களூரு

பெட்டி அசலாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கிண்ணம் அதனுடையதுதானா என்பதே கேள்வி.

ஜப்பானில் நல்ல பாண்டத்துக்குக் கிரி என்ற எடை குறைந்த மரத்தில் பெட்டி செய்வார்கள். செய்தவரே எழுதி முத்திரை வைத்திருந்தால் அது தோமோபாகோ. பின் தலைமுறையினரோ தேநீர் ஆசானோ 'இது இன்னார் செய்தது' என்று பார்த்து எழுதிக் கொடுப்பதும் உண்டு. 5-ஆமவர் கிண்ணத்துக்கு 12-ஆமவர் எழுதிய பெட்டி இருந்தால் அது தவறில்லை, அதுதான் முறை.

என் சொந்த அனுபவம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வேறு ஊர்ச் சந்தையில், பெரிய குடும்பத்துப் பெயர் எழுதிய பெட்டியோடு ஒரு கிண்ணம் வாங்கினேன். இரண்டு மாதச் சம்பளம். பாட்டியிடம் காட்டினேன். அவர் எழுத்தைப் படிக்கவே இல்லை. கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். உள்ளே 'டொக்' என்றது. "இந்தப் பெட்டி வேறு கிண்ணத்தின் வீடு" என்றார். கிண்ணத்தின் அளவுக்குத்தான் பெட்டி செய்வார்கள், சுற்றிலும் துணிக்கு மட்டும் இடம் விட்டு. பெட்டியை எங்கோ வாங்கி, வேறு கிண்ணத்தை வைத்து விற்றிருக்கிறார்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் கிண்ணத்தையும் அப்படிச் சாய்த்துப் பாருங்கள். அப்புறம் கையில் எடுங்கள். எடுக்கும்முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து, தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காமல், இரண்டு கையாலும் பிடியுங்கள். கையால் பிடித்த ராகு கிண்ணம் பார்க்கிற கனத்துக்கு லேசாக இருக்கும், மண் அவ்வளவு இறுக்கமில்லாதது. உள்ளே சக்கரத்தின் சுழல் வரி சீராகத் தெரிந்தால் அது அந்த வீட்டு வேலை இல்லை.

எங்கள் ஊரில் நொரிடாகே தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பீங்கானும் பழம்பொருளில் சேருமா?
— வாசகர், மாத்தளை, இலங்கை

நொரிடாகேயின் தாய் நிறுவனம் 1904-ல் நகோயாவில் தொடங்கியது. முதல் முழு சாப்பாட்டு செட்டை 1914-ல்தான் செய்து முடித்தார்கள். வெள்ளை மண்ணில், வட்டம் கோணாமல், பத்து அங்குலத் தட்டு செய்ய அத்தனை வருடம் ஆனது. அந்தக் காலத்துக் கைவண்ண வேலைகளைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மாத்தளைத் தொழிற்சாலை 1970-களில் வந்தது, பழம்பொருள் ஆக இன்னும் நாள் இருக்கிறது. பத்திரமாக வையுங்கள்.

அம்மா வைத்திருந்த ஜப்பான் கிண்ணம் மூன்று துண்டாக உடைந்துவிட்டது. தங்கம் வைத்து ஒட்டுவார்களாமே, வீட்டிலேயே செய்யலாமா?
— வாசகி, திருச்சி

அது கின்சுகி. ஒட்டுவது தங்கம் இல்லை, உருஷி என்ற மரத்தின் பால். மாவோடு குழைத்து ஒட்டி, இடுக்கு நிரப்பி, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியாகத்தான் மேலே தங்கப் பொடி தூவுவார்கள். உருஷி வெயிலில் காயாது. ஈரக்காற்றில்தான் இறுகும், அதனால் ஈரம் வைத்த பெட்டிக்குள் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். முழு வேலை முடிய மாதங்கள் ஆகும்.

பச்சை உருஷி மேலே பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். நம் சேராங்கொட்டையும் அதே குடும்பத்து மரம், சேராங்கொட்டைப் பால் பட்டவர்களுக்குத் தெரியும். அதனால் பழகாமல் நீங்களே இறங்க வேண்டாம். கடையில் கிடைக்கும் பசையும் தங்க நிறப் பொடியும் கொண்ட டப்பா வேறு. அதில் ஒட்டிய கிண்ணத்தில் சூடாக எதுவும் ஊற்றாதீர்கள், அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். இப்போதைக்கு மூன்று துண்டையும் கழுவிக் காயவைத்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். உடைந்த விளிம்பு உரசித் தேய்ந்துவிட்டால் எந்தக் கைகாரராலும் சேர்க்க முடியாது.

தங்கம் வைக்காத ஒட்டும் உண்டு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சீனப் பச்சைக் கிண்ணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது விரிசல் விட்டது. இதே போல் இன்னொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினாராம். இதற்கு ஈடாக எங்களிடம் இல்லை என்று உலோகக் கவ்விகள் அடித்துத் திருப்பி அனுப்பினார்களாம். அந்தக் கவ்விகள் வெட்டுக்கிளி உட்கார்ந்த மாதிரி இருப்பதால் வெட்டுக்கிளிப் பெயரே கிண்ணத்துக்கு நிலைத்துவிட்டது.

இந்தப் பீங்கான்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
— வாசகர், சிங்கப்பூர்

உண்டு, துணி வழியாக. சீனாவில் 1644-ல் மிங் ஆட்சி விழுந்து பீங்கான் வரத்து தடைபட்டபோது டச்சுக் கம்பெனி அரிதாவின் பக்கம் பார்வையைத் திருப்பியது. 1659-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளுக்கு ஒரே ஆர்டர். இமாரித் துறைமுகத்தில் ஏற்றியதால் 'இமாரி' என்றே பெயர் ஆனது. அதே கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தது. சோழமண்டலத் துணியை நாகசாகிக்குக் கொண்டுபோனார்கள், ஜப்பானின் செம்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள்.

கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் 'சாந்தோமே' என்று பெயர். நம் மயிலாப்பூர் சாந்தோம்தான் அது! பூப்போட்ட இந்தியத் துணியைச் 'சராசா' என்பார்கள். தேநீர்க்காரர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டு, தங்கள் பாண்டங்களுக்குப் பையும் சுற்றுத்துணியும் தைத்தார்கள். கிண்ணத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த ஒரு முழம் துணியையே நான் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் உண்டு.

ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகச் சொல்வீர்கள்?
— வாசகி, தஞ்சாவூர்

ஓன்தா. ஒய்தா மாவட்டத்தில், ஹிதா நகரத்திலிருந்து மலைக்குள் போக வேண்டும். 1705-ல் தொடங்கிய குயவர் ஊர். சுமார் பத்துக் குடும்பம். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் தொழிலுக்கு வருவான். யாரும் தன் பெயரைப் பானையில் எழுதுவதில்லை, ஊர்ப் பெயர் மட்டும்தான். மலையில் வெட்டிய மண் கட்டியை ஓடைத் தண்ணீரே இடிக்கிறது. பெரிய மரத்தின் ஒரு நுனியில் தொட்டி மாதிரி குடைந்திருப்பார்கள், மறு நுனியில் உலக்கை. தொட்டி நிறைந்ததும் மரம் ஏற்றம் மாதிரி சாயும், தண்ணீர் கொட்டும், உலக்கை 'தொம்' என்று மண்ணில் விழும். இரவும் பகலும் இதே சத்தம். அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். தூக்கத்திலும் கேட்டது.

காலையில் ஒரு வீட்டு வாசல் பலகையிலிருந்து மூடி போட்ட பழுப்பு ஜாடி ஒன்று வாங்கினேன். உளி துள்ளித் துள்ளி விழுந்த சின்ன வெட்டுகள் வரிசையாகச் சுற்றி வரும், அடியில் கிளேஸ் படாத செம்மண். யார் செய்தது என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா மாமனாரையும் கணவரையும் காட்டி, "இரண்டு பேரில் ஒருவர்" என்றார். பதினெட்டு வருடமாக அதில்தான் புளி போட்டு வைத்திருக்கிறேன்.